‘நான் ஓ குரூப், எனக்கு எதுவும் வராது’ என்று சொல்லும் கணவர்

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவர் 38 வயது வாசகி. ஏ பாசிட்டிவ். கணவருக்கு 43 வயது, ஓ பாசிட்டிவ். மூத்த மகளுக்கு 10 வயது, ஓ பாசிட்டிவ். இளையவளுக்கு 5 வயது, ஏ பாசிட்டிவ். பள்ளியில் சேர்ந்த இந்த ஒரு வருடத்தில் இளையவளுக்கு எட்டு முறை சளி, காய்ச்சல் வந்திருக்கிறது. மூத்தவளுக்கு ஒரே ஒரு தடவை. “ஏ குரூப்புக்கு எதிர்ப்பு சக்தி கம்மி” என்று நாத்தனார் சொன்ன நாளிலிருந்து இளையவளுக்குத் தினமும் 5 மில்லி ஜிங்க் சிரப் கொடுத்துவருகிறார். நான்கு மாதம் ஆகிறது. பாட்டிலில் 5 மில்லிக்கு 20 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது.

கணவர் இன்னும் ஆறு வாரத்தில் மூன்று மாத வேலையாக ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்குப் போகிறார். மலேரியா மாத்திரையும் காலரா தடுப்பு மருந்தும் எடுத்துக்கொள்ளுமாறு நிறுவனம் சொல்லியிருக்கிறது. “ஓ குரூப்புக்கு மலேரியா வராது என்று ஆராய்ச்சியே இருக்கிறது, கோவிட்டே என்னை ஒன்றும் செய்யவில்லை” என்று அவர் மறுக்கிறார். இன்னும் இரண்டு கேள்விகள்: பிறந்தபோது தந்த அட்டையில் இளையவளுக்கு ‘ஓ’ என்றும், பள்ளிப் பரிசோதனையில் ‘ஏ’ என்றும் இருக்கிறதே, அடிக்கடி தொற்று வந்ததால் குரூப் மாறிவிட்டதா? கர்ப்பமாக இருக்கும் தங்கைக்கு ஓ நெகட்டிவ், நெகட்டிவ் என்றால் பலவீனமா?

மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வேலையாக அந்த ஜிங்க் சிரப்பை இன்றே நிறுத்துங்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் என்பது வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு 10 முதல் 14 நாள் மட்டும் கொடுக்கும் அளவு. 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 5 மில்லிகிராம். நீண்ட நாள் எடுத்தால் 12 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஜிங்க் என்பது துத்தநாகம். அது அதிகமானால் குடலில் தாமிரத்தை உடம்புக்குள் போகவிடாமல் தடுத்துவிடும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் ரத்தசோகை வரலாம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும் குறையலாம். கிருமியை முதலில் எதிர்த்து நிற்பவை அவைதான். எதிர்ப்பு சக்தி கூட வேண்டும் என்று கொடுத்த மருந்தே அதைக் குறைத்துவிடக்கூடும். சிரப்பை நிறுத்தினால் பெரும்பாலும் தானே சரியாகும். ஆனாலும் வெள்ளையணுக்களின் வகைவாரி எண்ணிக்கையோடு ஒரு முழு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபினோ நியூட்ரோஃபிலோ குறைந்திருந்தால் தாமிர அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது அவசரம் உங்கள் கணவரின் பயணம். அதற்கு வருமுன் ரத்த வகை என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள குழப்பம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது.

ரத்த வகை என்பது ஒரு சர்க்கரை

சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் முடி போல நீட்டிக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் அடிப்படை ‘எச்’ என்ற ஒரே சங்கிலிதான். ஏ குரூப்பில் அதன் நுனியில் அசிட்டைல் கேலக்டோசமைன் என்ற சர்க்கரை ஒட்டியிருக்கும். பி குரூப்பில் கேலக்டோஸ். ஏபியில் இரண்டும். ஓ குரூப்பில் ஒட்டும் வேலையைச் செய்யும் நொதி செயல்படாது, அதனால் ‘எச்’ மொட்டையாகவே நிற்கும். இதைத் தீர்மானிக்கும் மரபணு 9ஆவது குரோமோசோமில் இருக்கிறது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் இந்த வகைகளை அறிவித்தது 1901இல்.

இந்தச் சர்க்கரைகள் ரத்தத்தில் மட்டும் இல்லை. குடல், மூச்சுக்குழாய் போன்றவற்றின் உள்சுவரிலும் உண்டு. சுமார் 80 சதவீதம் பேருக்கு எச்சிலிலும் சளியிலும்கூடச் சுரக்கும். கிருமிகள் நம் செல்லைப் பிடித்துக்கொள்ளத் தேடும் கைப்பிடிகளில் இவையும் சில. ஒரு கிருமிக்கு ஏ கைப்பிடி வாகாக இருக்கும், இன்னொன்றுக்கு மொட்டை ‘எச்’. ஆக, ரத்த வகை என்பது கிருமி வந்து தொடும் இடத்தில் உள்ள ஒரு சின்ன வேறுபாடு. எதிர்த்துச் சண்டை போடும் வெள்ளையணுக்களின் வலிமை வேறு சங்கதி. ‘ஓ பலசாலி, ஏ நோஞ்சான்’ என்ற வரிசை மருத்துவத்தில் எங்கேயும் கிடையாது.

வயிற்றுக் கிருமிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓ குரூப்பினருக்குச் சிறுகுடல் புண் ஓரளவு அதிகம், ஏ குரூப்பினருக்கு இரைப்பைப் புற்றுநோய் ஓரளவு அதிகம். 1950களிலேயே இது கவனிக்கப்பட்டது. பயணிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியா ஏ குரூப்பினரைத்தான் கடுமையாகப் படுத்துகிறது. அது சுரக்கும் ஒரு புரதம் ஏ சர்க்கரையைக் கப்பென்று பிடித்துக்கொள்வதை 2018இல் கண்டறிந்தார்கள். நோரோ வைரஸ் விஷயத்தில் ஏ, ஓ என்பதைவிட, சளியிலும் எச்சிலிலும் அந்தச் சர்க்கரை சுரக்கிறதா என்பதுதான் முக்கியம். சுரக்காதவர்களை அதன் பரவலான வகைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. எந்த லேபிலும் வழக்கமாக எழுதித்தரும் பிளட் குரூப் அறிக்கையில் இந்தத் தகவல் இருக்காது.

உங்கள் கணவர் படித்தது பாதி உண்மை

ஓ குரூப்புக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு. அதுவும் நன்றாக நிறுவப்பட்ட தொடர்பு. ஃபால்சிபாரம் வகைக் கிருமி புகுந்த சிவப்பணு தன் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை நீட்டும். அவை பக்கத்தில் உள்ள நல்ல சிவப்பணுக்களின் ஏ, பி சர்க்கரைகளைப் பற்றி இழுத்துத் தன்னைச் சுற்றி ஒட்டவைத்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் ஒரு கறுத்த அணு, சுற்றிலும் இதழ்கள் என்று பூப்போலவே இருக்கும், பெயரும் ‘ரோசெட்’தான். இந்தக் கொத்துகள் மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கும்போதுதான் மலேரியா உயிரைப் பறிக்கும் நிலைக்குப் போகிறது. ஓ குரூப் அணுக்களில் பிடித்துக்கொள்ள அந்தச் சர்க்கரை இல்லை. கொத்து சிறிதாகும், எளிதில் உதிரும். மாலி நாட்டுக் குழந்தைகளிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வில், கடுமையான மலேரியாவுக்கு ஆளாகும் வாய்ப்பு ஓ குரூப்பினருக்கு 66 சதவீதம் குறைவாக இருந்தது.

உங்கள் கணவர் இதுவரை படித்துவிட்டு நிறுத்திவிட்டார். அந்த ஆய்வில் குறைவாக இருந்தது *கடுமையான* மலேரியாதான். கொசு கடித்தால் கிருமி ஓ குரூப்புக்குள்ளும் புகும், காய்ச்சலும் வரும். அந்தக் குழந்தைகளோ மலேரியா பகுதியிலேயே பிறந்து, திரும்பத் திரும்பத் தொற்று வந்து, ஓரளவு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டவர்கள். 43 வயதில் முதல்முறை அந்தக் கிருமியைச் சந்திக்கப்போகும் ஒருவருக்கு அந்த முன்பழக்கம் துளியும் இல்லை. ஓ குரூப்பைச் சேர்ந்த பயணிகளும் மலேரியாவில் இறக்கிறார்கள். “ஓ குரூப்புக்குத் தேவையில்லை” என்று எந்த மருத்துவ வழிகாட்டியும் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

அவர் கவனிக்காத இன்னொரு பக்கம் காலரா. ஓ குரூப்பினருக்குக் காலரா கூடுதலாகத் தொற்றும் என்றில்லை. தொற்றிவிட்டால் அது கடுமையாவது அவர்களுக்குத்தான் அதிகம். வங்கதேசத்திலும், 1991இல் பெருவில் வந்த கொள்ளைநோயிலும் இதைக் கண்டார்கள். காலரா நச்சு ஓ குரூப் குடல் செல்லுக்குள் கூடுதல் வேகத்தில் வேலை செய்வதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. கங்கைக் கழிமுகப் பகுதியில் ஓ குரூப்பினர் குறைவாக இருப்பதற்கே தலைமுறை தலைமுறையாக வந்த காலராதான் காரணம் என்று கருதுவோர் உண்டு. “நீங்கள் ஓ குரூப், அதனால் காலரா மருந்தை மறக்காமல் குடியுங்கள்” என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருடைய வாதத்தை வைத்தே அவரை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கோவிட் பற்றி ஒரு பத்தி போதும். 2020இல் இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளிடம் செய்த மரபணு ஆய்வு, மூச்சுத் திணறும் அளவுக்குப் போகும் ஆபத்து ஏ குரூப்புக்கு 45 சதவீதம் அதிகம், ஓ குரூப்புக்கு 35 சதவீதம் குறைவு என்றது. நாளிதழ்களில் தலைப்பானது அதுதான். மறு வருடமே அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்துப் பார்த்த ஆய்வில் எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், 45 சதவீதம் அதிகம் என்றால் நூற்றில் 45 பேர் என்று பொருள் ஆகாது. நூற்றில் 2 பேருக்கு வரும் ஒன்று 3 பேருக்கு வரும், அவ்வளவுதான். வயது, சர்க்கரை நோய், உடல் பருமன், தடுப்பூசி போட்டாரா இல்லையா என்பவை அதைவிடப் பல மடங்கு பெரிய காரணங்கள்.

ஆறு வாரத்தில் அவர் செய்ய வேண்டியவை

நான்கு வாரத்துக்குக் குறையாமல் முன்கூட்டியே பயண மருத்துவரைப் பார்க்கட்டும். போகும் நாடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்டால், அந்த ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். காலராவுக்கு வாய்வழி மருந்து இரண்டு தவணை. இரண்டுக்கும் இடைவெளி மருந்தின் வகையைப் பொறுத்து 1 முதல் 6 வாரம். இரண்டாவது தவணை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மலேரியாவுக்கு மூன்று வழி. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினமும் ஒன்று, போவதற்கு 1–2 நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம். அல்லது அட்டோவாக்வோன்–புரோகுவானில் கூட்டு மாத்திரை, தினமும் ஒன்று, உணவோடு. திரும்பிய பின் 7 நாள் போதும். அல்லது மெஃப்ளோகுயின், வாரம் ஒன்று, 2–3 வாரம் முன்பே தொடங்கி, திரும்பியபின் 4 வாரம். வலிப்பு, மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இது ஆகாது. எது பொருந்தும் என்பதை அவருடைய மற்ற மருந்துகளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். டாக்ஸிசைக்ளின் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்துவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், முழுக்கைச் சட்டை தேவை.

பெரும்பாலோர் தவறுவது திரும்பி வந்த பிறகு. வீடு வந்துவிட்டோம், கொசுவும் இல்லை என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடைசி நாள் கடித்த கொசு விட்ட கிருமி முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகி, பிறகுதான் ரத்தத்துக்கு வரும். டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் ரத்தத்துக்கு வந்த பிறகுதான் அதைப் பிடிக்கும், அதனால்தான் அந்த 4 வாரம். மற்றொன்று கல்லீரலிலேயே வேலை செய்வதால் 7 நாளில் முடிகிறது.

மாத்திரையோடு, அந்தி முதல் விடியல் வரை கொசுக்கடியைத் தடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். பூச்சி மருந்து ஏற்றிய வலைக்குள் தூங்கட்டும். 20 முதல் 50 சதவீதம் டீட் உள்ள கொசு விரட்டியை வெளியில் தெரியும் தோலில் தடவிக்கொள்ளட்டும். பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து இருக்கட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒவ்வொரு முறை போன பிறகும் 200 முதல் 400 மில்லி குடிக்க வேண்டும். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், சர்க்கரை கூடினால் வயிற்றுப்போக்கும் கூடும். அரிசி கழுவிய தண்ணீர் போல விடாமல் போனால் ஓ.ஆர்.எஸ்.ஸைக் குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்வரை இழப்பு ஆகலாம்.

திரும்பி வந்த ஒரு வருடத்துக்கு, அதிலும் முதல் மூன்று மாதத்தில், எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை. மருத்துவர் கேட்காவிட்டாலும் “இந்த நாட்டுக்குப் போய்வந்தேன்” என்று அவரே சொல்ல வேண்டும். முதல் பரிசோதனையில் கிருமி தெரியாவிட்டால் மலேரியா இல்லை என்றாகிவிடாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும்.

இளைய மகளின் எட்டுக் காய்ச்சல்

பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் ஆறிலிருந்து எட்டு முறை, சில குழந்தைகளுக்குப் பத்து முறைகூடச் சளி, காய்ச்சல் வருவது இயல்புதான். ஒவ்வொரு தடவையும் ஒரு புது வைரஸ், ஒரு புதுப் பாடம். மூத்தவள் அந்தப் பாடங்களை முடித்து ஐந்து வருடம் ஆகிறது. 10 வயதுப் பிள்ளையோடு 5 வயதுப் பிள்ளையை ஒப்பிட்டுவிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் குரூப் என்று முடிவுகட்டியது நாத்தனாரின் தவறு. அவருக்கும் யாரோ சொன்னதுதான். மூத்தவள் 5 வயதில் எத்தனை முறை காய்ச்சலில் படுத்தாள் என்று பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

எண்ணிக்கையைவிட, தொற்று எப்படிப்பட்டது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். கீழே உள்ளவற்றில் ஒன்றிரண்டாவது இருந்தால் எதிர்ப்பு சக்திக் குறைபாட்டுக்கான பரிசோதனை அவசியம்:

- ஒரு வருடத்தில் நான்கோ அதற்கு மேலோ காதுச் சீழ்த் தொற்று, அல்லது இரண்டு முறை நிமோனியா
- இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பெரிய பலன் இல்லாமை, ஊசிவழி மருந்து ஏற்றினால்தான் குணமாதல்
- தோலின் ஆழத்திலோ உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி
- ஒரு வயதுக்குப் பிறகும் விடாத வாய்ப் பூஞ்சை
- எடை ஏறாமை; குடும்பத்தில் இப்படிப்பட்ட நோய், சிறு வயது மரணம்

உங்கள் மகளுக்கு எட்டும் சளிக் காய்ச்சல், ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்குள் சரியானது, எடையும் உயரமும் சீராக ஏறுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கவலைப்பட ஏதும் தெரியவில்லை. தடுப்பூசி அட்டவணையில் விட்டுப்போனது உண்டா என்று மட்டும் பாருங்கள். ‘ஏ குரூப் உணவுமுறை’ வேண்டாம். குரூப்புக்கு ஒரு சாப்பாடு என்ற கருத்தை டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். காய்கறி கூடிய உணவு எல்லாக் குரூப்புக்கும் ஒரே மாதிரி நன்மை தந்தது, குரூப்புக்கும் பலனுக்கும் சம்பந்தம் இல்லை.

இங்கே ஒரு சுவையான விஷயம். எதிர்ப்பு சக்தியைச் சோதிக்க ரத்த வகையை நாங்களும் பயன்படுத்துவது உண்டு, ஆனால் வேறு விதமாக. ஏ குரூப் குழந்தையின் ரத்தத்தில் பி சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், தானாகவே உருவாகும். குடலில் குடியேறும் பாக்டீரியாக்களில் அதே மாதிரிச் சர்க்கரை இருப்பதால், பிறந்து மூன்று முதல் ஆறு மாதத்திலிருந்து உடம்பு அதைக் கற்றுக்கொள்ளும். அந்த ஆன்டிபாடி சரியான அளவில் இருந்தால், அதைத் தயாரிக்கும் செல்கள் வேலை செய்கின்றன என்று தெரியும். ரத்த வகையும் எதிர்ப்புக் குறைபாடும் உண்மையாகவே பிணைந்த நோய்களும் உண்டு. 1952இல் பம்பாயில் கண்டறிந்த ‘பம்பாய் குரூப்’பில் ‘எச்’ சங்கிலியே கிடையாது, ஆனாலும் அவர்கள் ஆரோக்கியமானவர்கள். அதே நிலை ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை உடம்பு முழுக்கவே கையாள முடியாத கோளாறால் வந்தால், வெள்ளையணுக்கள் தொற்றுள்ள இடத்துக்கு நகர முடியாமல் போகும். அது மிக மிக அரிது. சாதாரண ஏ, பி, ஓ வகைகளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டு அட்டை, இரண்டு குரூப்

தொற்று வந்து ஓ குரூப் ஏ ஆகாது. வேறு குரூப்காரரிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று செய்தால் குரூப் மாறும். சில ரத்தப் புற்றுநோய்களில் ஏ சர்க்கரை மங்கும். குடல் நோயில் பாக்டீரியாவின் நொதி ஏ சர்க்கரையைச் செதுக்கி பி போலக் காட்டுவதும் உண்டு, நோய் தீர்ந்தால் அது மறையும். இவற்றில் எதுவும் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. பிறந்த குழந்தைக்கு ஏ, பி சர்க்கரைகள் முழுதாக வளர்ந்திருக்காது. வலுக்குறைந்த ஏ வகை அப்போது ஓ போலத் தெரியலாம். அல்லது ரத்த மாதிரி வேறு குழந்தையுடையதோடு மாறியிருக்கலாம், எழுதியவர் கை தவறியிருக்கலாம். உங்களுக்கும் கணவருக்கும் ஏ, ஓ இரண்டு வகையிலும் பிள்ளை பிறக்கலாம், மூத்தவள் ஓ என்பதே உங்களுக்குள் ஒரு ஓ மரபணு இருப்பதைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் பள்ளி முகாமில் கண்ணாடித் தகட்டில் பார்த்ததையும் அப்படியே நம்ப வேண்டாம். துளி காய ஆரம்பித்தால் ஓரங்களில் கட்டுவது, எதிர்ப்பு மருந்து பட்டு அணுக்கள் திரள்வது போலவே தெரியும். ரத்த வங்கி உள்ள லேபில் குழாய் முறையில், இருவழியும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். ஒரு வழியில் அவள் சிவப்பணுவோடு ஏ, பி எதிர்ப்பு மருந்துகளைக் கலப்பார்கள். மறு வழியில் அவள் ரத்தநீரோடு குரூப் தெரிந்த அணுக்களைக் கலப்பார்கள். அவள் ஏ என்றால் முதல் வழியில் ஏ மருந்தோடும், இரண்டாம் வழியில் பி அணுக்களோடும் திரள வேண்டும். பிறந்தபோது அவளுக்குச் சொந்த ஆன்டிபாடி இல்லாததால் இந்த இரண்டாவது சரிபார்ப்புக்கு வழியே இருந்திருக்காது. இரண்டும் ஒத்துப்போனால் பழைய அட்டையைக் கிழித்துவிடலாம். எப்படியும் ரத்தம் ஏற்றும் முன் மருத்துவமனையில் மறுபடி பரிசோதிப்பார்கள்.

தங்கைக்கு

நெகட்டிவ் என்றால் சிவப்பணுவின் மேல் ‘டி’ என்ற ஒரு புரதம் இல்லை என்று பொருள். எதிர்ப்பு சக்தியில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அவருடைய கணவர் பாசிட்டிவ் என்றால், வயிற்றில் உள்ள குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். அந்த ரத்தம் கலந்தால் தங்கையின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்து, அடுத்த குழந்தையைப் பாதிக்கும். அந்த ஆன்டிபாடி ஏற்கெனவே உருவாகியிருக்கிறதா என்று காட்டும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் பரிசோதனையை இப்போது செய்ய வேண்டும். அது நெகட்டிவ் என்றால், அதாவது ஆன்டிபாடி இல்லை என்றால், 28ஆவது வாரத்தில் அது உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி, வழக்கமாக 300 மைக்ரோகிராம். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. நடுவில் ரத்தக்கசிவு ஏற்பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ 28ஆவது வாரம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.